நெஞ்சைக் கல்லாக்கிக்கச் சொல்லாதீங்க

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. சினிமா, மெஸ் சாம்பார் என்று எழுதினால் எல்லோரும் சந்தோஷமாகப் படிப்பீர்கள். இது சாவைப் பற்றி. வேண்டாம் என்று நினைப்பவர்கள் இங்கேயே திரும்பிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறேன். ஊர் நார்த்தாமலை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில் கீரனூர் தாண்டி வரும். முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு: மேலமலையில் விஜயாலய சோழீச்சரம், பக்கத்திலேயே சமணர் குடகு, சுற்றிலும் பாறை. ஒன்பது மலை என்று கணக்குச் சொல்வார்கள். அதில் ஒன்றின் பேர் ஆளுருட்டிமலை. (தண்டனை கிடைத்தவர்களை மேலிருந்து உருட்டி விடுவார்களாம். சோறு சாப்பிட அடம் பிடித்தால் அப்பாயி இந்தக் கதையைத்தான் சொல்லும்.) அதனால் கிளாஸில் எனக்குக் "கல்லூர்க்காரி" என்று ஒரு பேர் உண்டு. "உனக்கெல்லாம் அழுகையே வராதுடி" என்பார்கள்.

வரும்.

எனக்கு முதல் சாவு இரண்டாம் வருஷ வார்டு போஸ்டிங்கில். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம், எங்கேயும் இப்படித்தான். பெண்கள் மெடிக்கல் வார்டு, பதினோராம் பெட். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, ஹார்ட் ஃபெயிலியர். இரண்டு காலிலும் நீர் கோத்து, அமுக்கினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டுவதால் ராத்திரி பகல் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். மகள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடப்பார். பி.பி. பார்ப்பதும் யூரின் அளவு குறிப்பதும் என் வேலை. எப்போது போனாலும் "சாப்ட்டியா பாப்பா" என்று கேட்பார். மூச்சு வாங்க வாங்கக் கேட்பார்.

ஒருநாள் மகள் டீ வாங்கப் போயிருந்தார். பி.பி. கட்டிக்கொண்டிருந்தவளின் கையைப் பாட்டி பிடித்துக்கொண்டு, "நான் இந்தத் தடவ வீட்டுக்குப் போவேனா பாப்பா?" என்றார்.

காலையில் ரவுண்ட்ஸில் டாக்டர்கள் பேசியதைக் கேட்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியும். "அதெல்லாம் நாலே நாள்ல போயிருவீங்க பாட்டி" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்று கையை விட்டுவிட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடப் படிக்கிறவளிடம் கெஞ்சி, பதினோராம் பெட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவளுடைய பெட்டை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ட்ராலி தள்ளிக்கொண்டு போகும்போதுகூடப் பார்வையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் பாட்டி போய்விட்டார். ஹவுஸ் சர்ஜன் மார்பை அமுக்கிப் பார்த்தார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் அவருக்கு. "டைம் என்ன சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்டார். அவர் கையிலேயே வாட்ச் இருந்தது. 6.40 என்றேன். எழுதும்போது பேனா நேராக நிற்கவில்லை.

ஸ்கிரீன் இழுத்தோம். கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது, ஊசி டியூப் எல்லாம் எடுப்பது, பஞ்சு வைப்பது... சிஸ்டர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். பரீட்சையில் கேட்டால் பத்துக்குப் பத்து வாங்கியிருப்பேன். கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நெஞ்சைக் கல்லாக்கிக்கோ. இல்லேன்னா இந்த வேலையில நிக்க முடியாது." அன்பாகத்தான் சொன்னார். அந்த ஷிஃப்டில் முப்பதுக்கு மேல் நோயாளிகள், அவரையும் சேர்த்து இரண்டே ஸ்டாஃப். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எட்டரைக்குள் பெட்டில் வேறு ஆள். மெஸ்ஸில் இட்லி. ஒன்பது மணிக்கு மேடம் வந்தார். பதினோராம் பெட் பாட்டிதான் என்னுடைய கேஸ் பிரசண்டேஷன். "உன் பேஷண்ட் எக்ஸ்பயர் ஆயிட்டாங்களாமே. சரி, வேற பேஷண்ட் எடுத்து எழுதிடு." பதினாலாம் பெட்டை எடுத்து எழுதினேன். நல்ல மார்க்.

இந்த "எக்ஸ்பயர்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பால் பாக்கெட்டுக்கும் அதே வார்த்தை, மாத்திரை அட்டைக்கும் அதே வார்த்தை. ஊரில் யாராவது போய்விட்டால் தவறிட்டாங்க, காலமாயிட்டாங்க, சாமிகிட்ட போயிட்டாங்க என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம்! வார்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோய் இந்த ஒன்றுதான் வாயில் வருகிறது. அது நமக்கு ஒரு ஸ்கிரீன், பெட்டைச் சுற்றி இழுப்பது போல.

பாடத்தில் இதெல்லாம் இல்லையா என்று வெளி ஆட்கள் கேட்கலாம். இருக்கிறது. நர்சிங் ஃபவுண்டேஷனில் சாகும் நிலையில் இருப்பவரைப் பராமரிப்பது பற்றி ஒரு யூனிட்டே உண்டு. எம்.பி.பி.எஸ். காரர்களுக்கு 2019-ல் சேர்ந்த பேட்ச்சிலிருந்து 'ஏட்காம்' என்று ஒன்று வந்தது. முதல் வருஷத்தில் அறுக்கப்போகும் உடலையே முதல் ஆசிரியராக மதிப்பது பற்றி, கடைசியில் மரணத்தை எதிர்கொள்வது பற்றி என்று அதில் தனித்தனிப் பகுதி இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அங்கே படிக்கிற ஸ்கூல் தோழியிடம் கேட்டேன். "ஒரு மத்தியானம் கிளாஸ் வெச்சாங்க, லாக்புக்ல எழுதி சைன் வாங்கிட்டோம்" என்றாள். எல்லா இடத்திலும் இப்படியா என்று தெரியாமல் சொல்லக்கூடாது. அவளுக்கு நடந்தது அது.

எங்களுக்கு குப்ளர்-ராஸ். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலை. 'டப்டா' என்று மனப்பாடம் செய்து, ஐந்து மார்க் கேள்விக்கு எழுதி, மறந்துவிடுவோம். அந்தம்மா அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்ற கதை எங்கள் கைடில் இல்லை. நானே தேடிப் படித்தேன், மார்க் வராத விஷயம் என்றால் எனக்குத் தனி ஆர்வம்! எலிசபெத் குப்ளர்-ராஸ் சுவிட்சர்லாந்தில் பிறந்த மனநல டாக்டர். 1965-ல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் வேலை. இறையியல் படிக்கிற மாணவர்கள் சிலர், சாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரிடம் வந்தார்கள். அவர்களிடமே கேட்டுவிடலாமே என்று அவர் வார்டு வார்டாகப் போனார். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் "சாகப்போகிறவர் யாரும் இங்கே இல்லை" என்கிற மாதிரிதான் பதில் வந்ததாம். கடைசியில் பேச ஆசைப்பட்ட நோயாளிகள் கிடைத்தார்கள். வாராவாரம் வகுப்பு நடந்தது. மாணவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நோயாளியை வார்டுக்கு அனுப்பிய பிறகு, கேட்டவர்கள் தங்களுக்கு மனசில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசுவார்கள். 1969-ல் வந்த புகழ்பெற்ற புத்தகம் அங்கிருந்து பிறந்ததுதான். அந்த ஐந்து நிலையும் எல்லோருக்கும் வரிசையாக வரும் என்பதை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. நமக்கு அது மட்டும் வந்து சேர்ந்தது. உட்கார்ந்து பேசுகிற பகுதி வந்து சேரவில்லை.

பேசாவிட்டால் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்துக்கொள்கிறோம். எங்கள் செட்டில் ஒருத்தி, வார்டில் சாவு என்றால் அன்றைக்கு இரண்டு பரோட்டா அதிகம் சாப்பிடுவாள். ஒருத்தி ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள் (சத்தம் கேட்காது என்று நினைப்பு). இன்னொருத்தி ஜோக் அடிப்பாள். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள், அப்படிப்பட்ட ஜோக். நானும் சிரித்திருக்கிறேன். இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை கிடையாது. எட்டு மணி நேர டியூட்டிக்கு மறுபடி போயாக வேண்டும், ஏதோ ஒன்று வேண்டும்தானே.

நான் சண்டை போடுவது வேறு இரண்டு வழிகளோடு. ஒன்று, பேரைத் தெரிந்துகொள்ளாமல் பெட் நம்பரோடு நிறுத்திக்கொள்வது. இரண்டு, நான் செய்தது. அந்தப் பக்கமே போகாமலிருப்பது. பரோட்டாவுக்கு நம் வயிறுதான் செலவு. இந்த இரண்டுக்கும் செலவு நோயாளிக்கு. ஒரு வாரம் வார்டில் நின்று கவனித்துப் பாருங்கள். குணமாகிறவரிடம் எல்லோரும் நின்று பேசுவோம். சாகப்போகிறவரின் பெட்டில் கையெழுத்து, டிரிப் செட், அடுத்த பெட். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். பாட்டியின் கடைசி இரண்டு நாளில் "சாப்ட்டியா பாப்பா" என்று கேட்க அவருக்கு ஆள் இல்லாமல் போனது இப்படித்தான்.

எங்கள் மாவட்டத்தில் மருத்துவப் படிப்பு என்றாலே மேடையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கதைதான். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், மகாராஜா கல்லூரியில் படித்த முதல் பெண், 1912-ல் மெட்ராஸில் டாக்டரானவர். தங்கை சுந்தரம்பாள் புற்றுநோயில் படுத்தபோது டாக்டரான அக்காவால் காப்பாற்ற முடியவில்லை. 1923-ல் தங்கை இறந்தார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை. சொல்லி முடித்ததும் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன், பெருமையாகவும் இருக்கும்.

ஆனால் அந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவில் 31 வருஷம் இருக்கிறது. தங்கை இறந்து காரியம் முடிந்து, முத்துலட்சுமி அம்மா மறுபடி நோயாளி பார்க்க உட்கார்ந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு இன்னொரு பெண் அதே வலியைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். மேடையில் யாரும் அதைச் சொல்வதில்லை. துக்கம் வந்தால் அதைச் சாதனையாக்கு என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஆஸ்பத்திரி கட்ட முடியுமா? நமக்குத் தேவை, மறுநாள் காலை டியூட்டிக்குப் போக ஒரு வழி.

2021 மே மாதத்து சீனியர்களைக் கேட்டாலும் இதுதான். ஆள் பற்றாக்குறை என்று பயிற்சி டாக்டர்களையும் படிப்பு முடித்த நர்ஸ்களையும் கொரோனா டியூட்டிக்கு எடுக்கலாம் என்று மத்திய அரசு மே 3-ம் தேதி முடிவு சொன்னது. அந்த ஒரே அலையில் நிறையப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். பி.பி.இ. கிட்டின் வேர்வை, என்-95 தழும்பு எல்லாம் சொல்வார்கள். இறந்தவர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

இப்போது அப்பாயி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் அப்பாயிக்கு உணவுக்குழாயில் கேன்சர். கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நார்த்தாமலை வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் கட்டில். அதற்கப்புறம் வீட்டில் கூட்டம்தான்! கீரனூரிலிருந்து, அன்னவாசலிலிருந்து, திருச்சியிலிருந்து எல்லாம் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்க வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார மாட்டார்கள், கட்டிலிலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். பழைய சண்டையெல்லாம் பேசிச் சிரிப்பார்கள். இன்ஃபெக்‌ஷன் வந்துவிடும் என்று நான் ஸானிடைசர் பாட்டிலோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஊர் வழக்கம் எல்லாம் உயர்வு என்று சொல்ல வரவில்லை. அப்பாயிக்கு என்ன வியாதி என்று கடைசி வரை அப்பாயிடம் யாரும் சொல்லவில்லை. "தொண்டைப் புண்ணு" என்றே சமாளித்தார்கள். இழுத்துக்கொண்டு கிடந்தால் மண்ணாசை என்று சொல்லி வயல் மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றச் சொன்ன பெரியப்பாவோடு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது. அதில் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பால் விஷயத்தில்தான் சந்தேகம். கடைசி நாட்களில் அத்தை சங்கில் பால் எடுத்துக்கொண்டு வந்தார். மகள் கையால் பால் ஊற்றுவது முறை. முழுங்க முடியாதவருக்குப் பால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும், மூச்சுத் திணறும். படித்ததை எல்லோர் முன்னாலும் சொல்லி, சங்கை அத்தை கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பாயி கண்ணைத் திறந்து அவரைத் தேடியது.

அன்று மத்தியானம் 'மக்களைத் தேடி மருத்துவம்' நர்ஸ் அக்கா வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். என்னைத் திட்டவில்லை, அத்தையையும் திட்டவில்லை. அப்பாயியின் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அத்தை கையில் கொடுத்து, "உதட்டுல மட்டும் தடவுங்கம்மா" என்றார். அத்தை தடவினார். இரண்டே நிமிஷ வேலை. மூன்றரை வருஷப் படிப்பில் எனக்குத் தோன்றாத வேலை.

அப்புறம் அப்பாயியிடம் குனிந்து, "என்ன ஆத்தா, மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அப்பாயிக்குக் குரல் ரொம்ப மெலிந்திருந்தது. "எனக்குத் தெரியும்த்தா. இவுகளுக்குத்தான் தெரியாது" என்று எங்களைக் கையைக் காட்டியது. அப்பா வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அப்பாயி போய்ச் சேர்ந்தது. கேதத்துக்கு வந்த பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நானும் அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தேன். அப்பாயிக்காக அழுதேன். நடுவில் பதினோராம் பெட் பாட்டியின் முகம் வந்தது. அதற்கும் சேர்த்து அழுதேன் என்றுதான் நினைக்கிறேன், யாருக்குத் தெரியப் போகிறது.

வார்டில் ஒப்பாரி வைக்கச் சொல்லவில்லை. அடுத்த பெட்டில் இருப்பவர் பயந்துவிடுவார். ஆனால் ஊரில் ஒரு சாவுக்கு எத்தனை படி இருக்கிறது. கேதம், காடு, கருமாதி என்று பதினாறு நாள் வரை ஒவ்வொன்றுக்கும் கூட ஆள் இருக்கும். சித்தன்னவாசல் எங்களுக்குப் பக்கம்தான். ஏழடிப்பட்டத்துக் குகையில் ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய கல் படுக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். உண்ணாநோன்பிருந்து உயிர்விடும் சமணத் துறவிக்குக்கூட, பக்கத்தில் இருந்து கவனிக்கவும் நல்லது சொல்லவும் ஆட்கள் இருக்க வேண்டும் என்று அவர்கள் நூல்களில் விதி உண்டு. துறவிக்கே துணை வேண்டியிருந்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வேண்டாமா?

நம் ஆஸ்பத்திரிகளுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு, உடல் உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்தும் என்று அறிவித்தது. தானம் செய்தவரின் உடலுக்கு ஸ்டாஃபெல்லாம் வரிசையாக நின்று வணக்கம் சொல்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் மனசு நிறையும். தானம் கொடுக்க முடியாமல் செத்துப்போன பாட்டிக்கு வரிசை வேண்டாம், ஸ்கிரீனுக்குள் இருக்கிற நான்கு பேர் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தி நின்றால் போதும். பெட் தேவைதான், கேஷுவாலிட்டியில் ஆள் காத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிஷத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

மேடம்கள் யாராவது படித்தால் (படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்!) கேட்பது அதிகம் இல்லை. முதல் சாவைப் பார்க்கிற ஸ்டூடண்டைத் தனியாகப் பேக்கிங்குக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்கே, ஷிஃப்ட் முடிந்ததும், ஒரு கால் மணி நேரம் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். கவுன்சிலிங் என்று பெரிய பேரெல்லாம் வேண்டாம். கேஸ் பிரசண்டேஷன் பேஷண்ட் இறந்துவிட்டால் அந்தக் கேஸையே முடிக்க விடுங்கள், கடைசி நாள் வரை எழுதட்டும். "வீட்டுக்குப் போவேனா" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை, ஊசி போடச் சொல்லித் தருகிற மாதிரி, ஒருத்தர் பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும்.

போன மாதம் ஆண்கள் வார்டில் ஒரு தாத்தா, லிவர் போய்விட்டது, வயிறெல்லாம் நீர். டிரெஸ்ஸிங் மாற்றும்போது அதே கேள்வி. "எத்தன நாளு தாயி இங்க? வீட்டுக்கு விட்ருவாகளா?" எனக்குக் கை சில்லிட்டுப் போனது. நர்ஸ் அக்காவை நினைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன தோணுது தாத்தா?" என்றேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சினை மாடு ஒன்று இருக்கிறதாம், இன்னும் பத்து நாளில் கன்று போடுமாம், தலைச்சன் ஈத்து என்பதால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். மகனுக்கு அந்தப் பக்குவம் தெரியாதாம். நிறையப் பேசினார். பாதிக்கு மேல் மாட்டைப் பற்றித்தான். கடைசியில், "பெரியவன வரச் சொல்லு தாயி, சொல்ல வேண்டியத சொல்லிர்றேன்" என்றார். டியூட்டி டாக்டரிடம் சொல்லி, மகனுக்குப் போன் போட்டோம். அன்று சாயந்திரமே வந்தார்.

நான்கு நாள் கழித்து, எனக்கு ஆஃப் இருந்த அன்று தாத்தா இறந்துவிட்டார். மறுநாள் போனால் முதல் வருஷப் பெண் ஒருத்தி லினன் ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். நேற்று ஸ்கிரீனுக்குள் இருந்தது அவள்தானாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீயும் பன்னும் வாங்கி வைத்துவிட்டு, தாத்தா வீட்டு மாட்டைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.